தொலைவில் தெரிந்த குன்றுகள்: ஆங்கில ஆயர் கவிதையும் இசையும்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம். ஆங்கில ஆயர் கவிதை இசைக்கும் பண்பாட்டுக்கும் என்ன தந்தது என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். ஆடு மேய்க்கும் இளைஞன், அவன் காதலி, குழலோசை, ஓடைக்கரை, மே மாதப் பூக்கள் என்று இக்கவிதையின் வெளித்தோற்றம் பலரும் அறிந்ததுதான். அந்தத் தோற்றத்தை மட்டும் பார்த்துவிட்டு, கவலை இல்லாதவர்கள் எழுதிய இனிப்பான பாட்டு என்று இதை ஒதுக்குவோரும் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. இக்கவிதையை எழுதியவர்களில் பெரும்பாலோர் வயலுக்கு வெகு தொலைவில் இருந்தவர்கள். சிலர் அதைப் பறிகொடுத்தவர்கள். அந்தத் தொலைவையும் இழப்பையுமே பின்வந்த இசையமைப்பாளர்கள் மிக ஆழமாகப் பற்றிக்கொண்டார்கள் என்பது என் கருத்து.

தொடக்கத்திலேயே இதன் அடையாளம் இருக்கிறது. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் முதல் ஆயர் பாட்டில் ஒருவன் மரநிழலில் சாய்ந்து குழல் ஊதுகிறான். இன்னொருவனோ, தன் நிலம் போர்வீரனுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டதால், ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரைவிட்டே போய்க்கொண்டிருக்கிறான். 1579இல் எட்மண்ட் ஸ்பென்சர் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பன்னிரண்டு பாட்டுகளாக 'இடையர் நாட்காட்டி'யை வெளியிட்டபோது, வர்ஜிலின் இந்த மரபு ஆங்கிலத்தில் வேரூன்றியது. அதன்பின் அரண்மனைக்காரர்களும் லண்டன் நாடகாசிரியர்களும் இடையர் வேடம் பூண்டு பாடுவது வழக்கமாயிற்று.

இசையில் இந்த வேடத்தை ஏற்று மிகப் பெரிய ஆக்கங்களைத் தந்தவர் ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த ஹாண்டல். 1718இல் கேனன்ஸ் என்னும் மாளிகையில் அவர் அமைத்த 'ஏசிஸும் கலாட்டியாவும்' என்ற இசை நாடகத்துக்குச் சொற்களைத் தந்தவர்களில் முதன்மையானவர் ஜான் கே என்ற கவிஞர். ஒற்றைக் கண் அரக்கன் ஒருவன் நீர்மகள்மீது கொண்ட காதலைச் சொல்லும் பாட்டில், அவனுடைய முரட்டுக் கீழ்க்குரலுக்குத் துணையாக ஹாண்டல் வைத்திருப்பது மெல்லிய சிறு குழல் ஒன்றை. இடையனாக வேண்டும் என்று ஏங்கும் அரக்கனின் நிலை அந்த ஒரு குழலில் வந்துவிடுகிறது. ஐரோப்பிய இசையில் அக்காலத்தில் ஆயர் காட்சிக்கென்றே சில மரபுகள் நிலைபெற்றிருந்தன: திஸ்ர நடையில் ஊசலாடும் தாளம், குழலும் ஓபோ என்னும் ஊதுகருவியும், நம் சுருதிப்பெட்டி போல அடியில் மாறாமல் ஒலிக்கும் ஒரு ஸ்வரம். தேம்ஸ் நதி உறைந்துபோன 1740ஆம் ஆண்டுக் கடுங்குளிரில், லண்டன் நகரத்துக்குள் இருந்துகொண்டு, மில்டனின் இரண்டு கவிதைகளை எடுத்து வானம்பாடியையும் வைக்கோல் காயும் வயலையும் ஹாண்டல் இசையில் எழுப்பினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு தோன்றும்.

ஜேம்ஸ் தாம்சன் எழுதிய 'பருவங்கள்' என்ற நெடுங்கவிதை ஜெர்மன் மொழிக்குப் போய், 1801இல் வியன்னாவில் ஹைடனின் பெரும் இசைப்படைப்பாக அரங்கேறியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஆனால் நான் சொல்ல வந்த செய்தி இந்தப் பதினெட்டாம் நூற்றாண்டின் மற்றொரு பக்கத்தில் இருக்கிறது.

அந்த நூற்றாண்டிலும் அதற்கடுத்த நூற்றாண்டிலும் ஆங்கில நாடாளுமன்றம் ஊர் ஊராகச் சட்டம் இயற்றி, ஏழைகள் ஆடுமாடு மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த பொது நிலங்களை வேலி போட்டுத் தனியார் உடைமை ஆக்கியது. 1770இல் ஆலிவர் கோல்ட்ஸ்மித் 'பாழடைந்த கிராமம்' எழுதியது வெறிச்சோடிய ஊர்களை மனத்தில் கொண்டுதான். இருந்தாலும் இதை உள்ளிருந்து எழுதியவர் ஜான் கிளேர் ஒருவரே. நார்த்தாம்ப்டன்ஷயரில் ஹெல்ப்ஸ்டன் என்ற ஊரில் 1793இல் பிறந்த அவர், வயலில் கூலி வேலை செய்தவர். அவ்வூர் நிலங்களுக்கான வேலிச் சட்டம் 1809இல் வந்தது. தான் சுற்றித் திரிந்த வெளி துண்டுதுண்டாக அடைபட்டதையும், வழக்கமாக நடந்த பாதைகளில் நுழையக் கூடாது என்ற பலகைகள் எழுந்ததையும் அவர் கவிதைகள் ஆற்றாமையோடு சொல்கின்றன. அவர் வயலின் வாசிப்பவரும்கூட. ஜிப்ஸிகளோடு பழகி அந்த வாசிப்பைக் கற்ற அவர், தம் வட்டாரத்தின் நடனமெட்டுகளையும் பாட்டுமெட்டுகளையும் இருநூறுக்கு மேல் கைப்பட எழுதி வைத்தார். நாட்டுப்புற இசையைச் சேகரிக்க நகரத்துக் கல்விமான்கள் கிளம்புவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஒரு கூலித் தொழிலாளி தன் ஊரின் இசையைத் தானே பதிவுசெய்திருக்கிறார். ஆங்கிலக் கவிதையின் வரலாற்றில் இதைவிட எனக்கு மதிப்பானது வேறில்லை.

ஆங்கில இசையில் ஆயர் கவிதை மிக அழுத்தமாகப் பதிந்த காலம் இருபதாம் நூற்றாண்டின் முதல் இருபத்தைந்து ஆண்டுகள். அதற்கு விதையிட்டது 1896இல் வெளிவந்த 'ஷ்ராப்ஷயர் இளைஞன்' என்ற சிறு தொகுதி. எழுதியவர் ஏ. ஈ. ஹவுஸ்மன், லண்டனில் லத்தீன் பேராசிரியர். அவர் பிறந்தது ஷ்ராப்ஷயரில் அன்று, அடுத்திருந்த வூஸ்டர்ஷயரில். சிறுவயதில் மேற்கே அடிவானத்தில் தெரிந்த குன்றுகள்தான் அவருக்கு ஷ்ராப்ஷயர். இத்தொகுதியின் பெரும்பகுதியை அவர் லண்டனின் ஹைகேட் பகுதியில் குடியிருந்தபோது எழுதினார். அச்சுச் செலவையும் தாமே ஏற்றார். நினைவில் நீலமாகத் தெரியும் அந்தக் குன்றுகளை இழந்த நிறைவின் நாடு என்று ஒரு கவிதையில் சொல்லி, தான் மகிழ்ந்து நடந்த அந்தச் சாலைகளுக்குத் தன்னால் இனித் திரும்ப இயலாது என்று முடிக்கிறார். தென்னாப்பிரிக்கப் போரிலும் அதைவிடப் பெரிதாக வந்த உலகப் போரிலும் அத்தொகுதி ஆங்கில இளைஞர்களின் சட்டைப்பைகளில் போயிற்று.

அத்தொகுதியின் ஒரு கவிதையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். இறந்துபோன உழவன் ஒருவன் மண்ணுக்கடியிலிருந்து தன் நண்பனைக் கேட்கிறான்: நான் ஓட்டிய குதிரைகள் இன்னும் ஏர் உழுகின்றனவா? ஆம், சேணம் குலுங்க உழுகின்றன, நீ உழுத மண்ணுக்குள் நீ கிடக்கிறாய் என்பதால் எதுவும் மாறிவிடவில்லை என்று நண்பன் விடை சொல்கிறான். ஆற்றங்கரையில் பையன்கள் பந்து விளையாடுகிறார்களா என்று கேட்கிறான், அதற்கும் ஆம். என் காதலி அழுது ஓய்ந்துவிட்டாளா? அவள் நிம்மதியாக இருக்கிறாள், நீ தூங்கு. கடைசியாகக் கேட்கிறான்: என் நண்பன் சுகமா, என்னுடையதைவிட நல்ல படுக்கை அவனுக்குக் கிடைத்ததா? கிடைத்தது, செத்துப்போன ஒருவனின் காதலிக்கு ஆறுதலாக இருக்கிறேன், யாருடைய காதலி என்று மட்டும் கேட்காதே என்பது நண்பனின் விடை. ஏரும் குதிரையும் ஆற்றங்கரையும் ஆயர் கவிதையின் பழைய பொருள்கள்தான். ஆனால் அவை எதுவும் இறந்தவனுக்காக ஒரு கணமும் நிற்கவில்லை.

இக்கவிதைக்கு ஜார்ஜ் பட்டர்வொர்த் 1911இல் அமைத்த இசையில் பியானோவுக்கு வேலை மிகக் குறைவு. இறந்தவன் கேட்கும்போது குரல் தணிந்து ஒலிக்கிறது; அடியில் பியானோ மெதுவாகப் படிப்படியாக இறங்கிக்கொண்டே இருக்கிறது. உயிரோடிருப்பவன் விடை சொல்லும்போது குரல் ஓங்கி, உறுதியாகி, வேகம் கொள்கிறது. பாடகர் ஒருவர்தான், ஆனால் கேட்பவருக்கு இருவர் தெரிகிறார்கள். இதே கவிதைக்கு ரால்ஃப் வான் வில்லியம்ஸ் 1909இல் வேறுவகையில் நாடகத்தன்மை மிகுந்த இசை அமைத்தார். பந்து விளையாட்டைப் பற்றிய இரண்டு செய்யுள்களை அவர் விட்டுவிட்டார். ஹவுஸ்மனுக்கு வந்த கோபம் சிறிதல்ல. வான் வில்லியம்ஸின் இசையில் இரண்டு பகுதிகளை நான் வெட்டினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்த மோசமான வரிகளை விட்டுவிட்டதற்குக் கவிஞர் நன்றி சொல்ல வேண்டும் என்ற பொருளில் வான் வில்லியம்ஸ் பதில் கூறினார். இந்த வழக்கில் நான் ஹவுஸ்மன் பக்கம். பையன்கள் பந்து விளையாடுவது அற்பமான காட்சிதான். அந்த அற்பத்தைப் பற்றியும் இறந்தவன் கேட்கிறான் என்பதில்தான் கவிதையின் வலி இருக்கிறது.

பட்டர்வொர்த் கவிதையை மட்டும் நம்பியவர் அல்லர். ஊர் ஊராகப் போய் நானூற்றுக்கும் மேற்பட்ட நாட்டுப்புறப் பாட்டுகளையும் நடனங்களையும் சேகரித்தார். மாரிஸ் என்னும் கிராமிய நடனத்தை அவரே ஆடும் 1912ஆம் ஆண்டின் சிறு அசைபடம் ஒன்று இன்றும் இருக்கிறது. அவருக்கு முன்னரே, 1903இல், சோமர்செட்டில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு செசில் ஷார்ப் இந்தப் பணியைத் தொடங்கினார். அதே ஆண்டு டிசம்பரில் எசெக்ஸின் இங்ரேவ் என்ற ஊரில் முதிய தொழிலாளி ஒருவரிடமிருந்து வான் வில்லியம்ஸ் தம் முதல் பாட்டை எழுதிக்கொண்டார். ஏட்டுக் கவிதையின் இடையர்களுக்குக் கையில் காய்ப்பு கிடையாது, கூலி கிடையாது, பசி கிடையாது. உண்மையான உழைப்பாளியின் குரலை இந்தச் சேகரிப்பாளர்கள்தாம் ஆங்கில இசைக்குள் கொண்டுவந்தார்கள் என்பதால், அவர்களுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

பட்டர்வொர்த் அமைத்த மற்றொரு பாட்டில், பூத்து நிற்கும் செர்ரி மரத்தைப் பார்க்கும் இருபது வயது இளைஞன், வாழ்நாள் எழுபது ஆண்டு என்றால் தனக்கு இன்னும் ஐம்பது வசந்தங்களே மிச்சம் என்று கணக்குப் போடுகிறான். அந்தப் பாட்டின் மெட்டைக் கொண்டு பட்டர்வொர்த் எழுதிய வாத்தியக் குழு இசை 1913இல் லீட்ஸ் நகரில் அரங்கேறியது. முதல் உலகப் போரில், 1916 ஆகஸ்ட் 5ஆம் நாள், பிரான்சின் ஸோம் போர்க்களத்தில், தம் 31ஆம் வயதில், குண்டடிபட்டு அவர் மாண்டார். அவருக்குக் கல்லறை இல்லை. அங்குள்ள தியெப்வால் நினைவுச்சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது.

வான் வில்லியம்ஸ் நாற்பத்திரண்டு வயதில் தாமாகவே படையில் சேர்ந்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் பணியாற்றினார். ஜார்ஜ் மெரடித் 1881இல் எழுதிய வானம்பாடிக் கவிதையைக் கொண்டு 1914இல் அவர் தொடங்கிய வயலின் இசை, போர் முடிந்து 1920இல்தான் பிரிஸ்டலுக்கு அருகே ஓர் ஊர் மண்டபத்தில் முதன்முதலாக வாசிக்கப்பட்டது. கவிதையில் பறவையின் பாட்டு இடைவிடாமல் சுழன்று ஏறும் வாக்கியங்களாக இருக்கிறது. இசையில் வாத்தியங்கள் ஓய்ந்து, வயலின் தனியே, தாளக்கட்டு இல்லாமல், மேலே மேலே போகிறது. பிரிட்டனில் மிகுதியும் விரும்பிக் கேட்கப்படும் இசைகளில் இது ஒன்று. அதே வேளையில், அந்நாட்டில் வானம்பாடிகளின் எண்ணிக்கை 1970களுக்குப் பிறகு பாதிக்கும் மேல் குறைந்துவிட்டது என்பது வருத்தத்தோடு சொல்ல வேண்டிய செய்தி.

1922இல் அரங்கேறிய அவருடைய 'ஆயர் சிம்பொனி'யை ஆங்கிலப் புல்வெளியின் இசை என்றே பலர் எண்ணினார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கடிதம் ஒன்றில், அது ஆட்டுக்குட்டிகள் துள்ளும் இசை அல்ல, போர்க்கால இசை என்று அவரே விளக்கினார். பிரான்சில் எக்வாவ்ர் என்ற இடத்தில் மாலைதோறும் ஆம்புலன்ஸோடு மேட்டில் ஏறியபோது, மறையும் வெயிலில் அவர் கண்ட நிலக்காட்சிதான் அதன் பிறப்பிடம். இரண்டாம் பகுதியில் எக்காளம் தனியே ஒலிக்கும் இடம், முகாமில் பயிற்சி செய்த வீரன் ஒருவன் மேல் ஸட்ஜத்தைப் பிடிக்க முயன்று நிஷாதத்தில் நின்றுவிட்டதைக் கேட்ட நினைவிலிருந்து பிறந்தது.

பண்பாட்டிலும் இக்கவிதை மரபின் தடங்கள் பரவலாக உள்ளன. கிராமப்புறத்தைக் காப்பதற்கென 1926இல் ஓர் அமைப்பு இங்கிலாந்தில் தோன்றியதற்குக் கவிஞர்கள் பழக்கிய பார்வையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவும் மைதானத்தில் புல்வெளியையும் உண்மையான ஆடுகளையும் வைத்தே ஆரம்பித்தது. சிறிது நேரத்தில் அந்தப் புல்வெளியைச் சுருட்டி எடுத்துவிட்டு ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன. அக்காட்சியை அமைத்தவர்கள் கிளேரின் கவலையை அறிந்தவர்களாகவே எனக்குத் தோன்றினார்கள்.

இவற்றைக் கேட்க விரும்பும் நேயர்கள் பட்டர்வொர்த்தின் அந்த உழவன் பாட்டில் தொடங்கலாம். மூன்று நான்கு நிமிடங்கள்தான். பிறகு 'ஆயர் சிம்பொனி'யின் இரண்டாம் பகுதிக்குப் போகலாம். ஹாண்டலை மூன்றாவதாக வையுங்கள். கிளேர் எழுதிவைத்த மெட்டுகளையும் இன்றைய நாட்டுப்புறக் கலைஞர்கள் வாசித்து வருகிறார்கள், தேடினால் கிடைக்கும். வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும், கேட்டுக்கொண்டிருந்த உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.