காய்ச்சல் விட்ட பிறகுதான் கவனம்

நேயர்களுக்கு வணக்கம். மாரி மழை தொடங்கினால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கதைதான். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "நோய் எதிர்ப்புச் சக்தி கூடுவதற்கு என்ன குடிக்கலாம்?" டெங்குவில் இந்தக் கேள்வி நம்மைப் பிழையான பக்கம் கொண்டுபோய்விடும். டெங்குக் கிருமியை உடம்பிலிருந்து விரட்டுவது எதிர்ப்புச் சக்திதான். ஆளை ஆபத்தில் தள்ளுவதும் பெரும்பாலும் அதே எதிர்ப்புச் சக்திதான்.

முதல் மூன்று நாளைப் பாருங்கள். வைரஸ் இரத்தத்தில் பெருகும். வெள்ளைக் கலங்கள் அதைக் கண்டு இரசாயனச் செய்திகளை வெளிவிடும். நெருப்பாய்க் காய்வதும், கண்ணுக்குப் பின்னால் வலிப்பதும், உடம்பு முறிவதும் அதனால்தான். பிறகு வைரஸ் குறையும், காய்ச்சலும் இறங்கும். ஆனால் அந்தச் செய்திகளின் விளைவு அப்போதுதான் உச்சத்துக்கு வரும். மெல்லிய இரத்தக் குழாய்களின் சுவர், வலையில் கண் பெரிதானது போல, இளகிவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசியும். குழாய்க்குள் மிஞ்சுகிற இரத்தம் தடிக்கும், அளவு குறையும், அழுத்தம் விழும்.

இந்தக் கசிவு 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். பிறகு தானாகவே நிற்கும், கசிந்த நீரும் குழாய்க்குத் திரும்பும். டெங்கு வைரசைக் கொல்லும் மருந்து நம் கையில் இல்லை. அந்த இரண்டு நாளும் சேலைனை அளந்து கொடுத்து, சிறுநீரை அளந்து பார்த்து, ஆளைத் தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம். குறைத்துக் கொடுத்தால் அதிர்ச்சி நிலை, அதாவது உறுப்புகளுக்கு இரத்தம் போதாமல் போகும். கூட்டிக் கொடுத்தால், கசிந்த நீர் திரும்பும் நேரத்தில் நுரையீரலில் நீர் தேங்கி மூச்சு முட்டும்.

இப்போது நான் அழுத்திச் சொல்ல வந்த விஷயம். நம் வீடுகளில் காய்ச்சல் விட்டதும் பிள்ளையை முழுக வார்த்து, சோறு கொடுத்து, மறுநாள் பள்ளிக்கூடம் அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. மற்றக் காய்ச்சலுக்கு அது சரி. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரமே கசிவு தொடங்குகிற நேரம், பெரும்பாலும் 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் இடையில். அதனால் காய்ச்சல் தொடங்கிய நாளை 1 என்று கலண்டரில் குறியுங்கள். "நேற்றோ முந்தாநாளோ" என்று சொன்னால் வைத்தியருக்குக் கணக்குப் பிழைக்கும். காய்ச்சல் விட்டும் பிள்ளை சோர்ந்து கிடந்தால் அது சுகமல்ல. திரும்பவும் சொல்கிறேன், காய்ச்சல் விட்டும் சோர்வு கூடினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

3ஆம் நாளில் முழு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள், பிறகு தினமும். ஒரு அறிக்கையைத் தனியாகப் பார்த்துப் பயனில்லை. இரத்தம் உறைய உதவும் இரத்தச் சிறுதட்டு (பிளேட்லெட்) 2 இலட்சத்திலிருந்து 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு இறங்கினால் அந்த இறக்கமே எச்சரிக்கை. 1 இலட்சத்துக்குக் கீழே போனால் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கர்ப்பிணிகள், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், வயதானவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது. டெங்கு வைரசின் ஒரு புரதத்தை இரத்தத்தில் தேடுகிற என்.எஸ்.1 பரிசோதனை 'இல்லை' என்று வந்தாலும் ஆறுதல் அடையாதீர்கள். முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரி (அன்டிபொடி) வேகமாக உருவாகி அந்தப் புரதத்தை மறைத்துவிடும்.

அந்த 'முன்பு ஒருமுறை' என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டெங்குவில் நான்கு வகை. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகைக்கு நீண்ட காலப் பாதுகாப்பு, மற்ற மூன்றுக்கும் சில மாதம்தான். பிறகு வேறு வகை வந்தால், பழைய பிறபொருளெதிரி புது வைரசில் ஒட்டும், ஆனால் அதை அடக்காது. ஒட்டியபடியே வெள்ளைக் கலத்துக்குள் கொண்டுபோய் விடும், வைரஸ் அங்கே பெருகும். 1960களில் பாங்கொக்கில் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஸ்கொட் ஹால்ஸ்டெட்டும் கூட்டாளிகளும் கடுமையான டெங்கு வந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோது இரண்டு கூட்டம் தெரிந்தது: இரண்டாம் முறை தொற்றிய பிள்ளைகள், முதல் முறையே தொற்றிய, ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைகள். குழந்தைக்கு அந்தப் பழைய பிறபொருளெதிரி எங்கிருந்து வந்தது? கர்ப்பத்தில் தாயிடமிருந்து. 2017ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் நம் மாவட்டத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டை இங்கே யாரும் மறக்கவில்லை. நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. அதற்கு முன் சில ஆண்டுகள் முதலாம் வகை பரவியிருந்தது. 2017இல் இரண்டாம் வகை மேலோங்கியது.

சரி, வீட்டில் என்ன செய்வது? பரசிற்றமோல் மட்டும். 50 கிலோவுக்கு மேற்பட்ட பெரியவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நாளுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. பிள்ளைக்கு, ஒரு வேளைக்கு ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம், அதே 6 மணித்தியால இடைவெளியில். காய்ச்சல் முழுதாக இறங்கவில்லையே என்று கூட்டாதீர்கள், டெங்குவில் ஈரல் ஏற்கனவே வீங்கியிருக்கும். ஐபுபுரோபன், டைக்குளோபினாக், அஸ்பிரின் மூன்றும் சிறுதட்டின் ஒட்டும் தன்மையைக் கெடுக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். குண்டிக்கு வைக்கிற காய்ச்சல் மருந்து பலவற்றில் டைக்குளோபினாக்தான் இருக்கிறது. இதய நோய்க்கு அஸ்பிரின் எடுப்பவர் உடனே வைத்தியரைக் கேளுங்கள்.

பெரியவருக்கு 24 மணித்தியாலத்தில் இரண்டரை லீற்றர் அளவு நீராகாரம்: கஞ்சி, இளநீர், தேசிக்காய்த் தண்ணி, ஜீவனி என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல். ஜீவனியைப் பைக்கற்றில் எழுதிய அளவு தண்ணீரிலேயே கரையுங்கள். சிவப்பு, கபில நிறப் பானம் வேண்டாம், வாந்தியில் இரத்தம் இருந்தால் தெரியாமல் போகும். பப்பாசி இலைச் சாறு கசிவை நிறுத்தாது. அதைக் குடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் என் கவலை.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தேறும் காலம் பற்றிக் கொஞ்சம் சொல்ல இருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பசி எடுப்பது, உடம்பில் அரிப்பும் சிவந்த தடிப்பும், சிறுநீர் தாராளமாகப் போவது, இவை தேறுவதற்கான அடையாளம். அந்த நேரத்தில் "இன்னும் குடி, இன்னும் குடி" என்று வற்புறுத்தாதீர்கள். அதற்கு முன்பு விடாத வயிற்றுவலி, நிற்காத வாந்தி, முரசில் (பல் ஈறில்) இரத்தம், கறுத்த மலம், குளிர்ந்த கைகால், 6 மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள். வணக்கம்.