குளமா? சனமா? – கிளிநொச்சிப் பட்டிமன்றத்தில் ‘சனமே’ அணியின் உரை

நடுவர் ஐயாவுக்கும், ரெண்டு அணிக்கும், கோயில் வீதியில பாய் விரிச்சு இருக்கிற எங்கட சனத்துக்கும் வணக்கம். தந்த நேரம் கொஞ்சம். வணக்கத்துக்கு இவ்வளவு போதும்.

“கிளிநொச்சியை வாழவைச்சது இரணைமடுக் குளமா, குடிவந்த சனமா?” இதுதான் கேள்வி. எனக்கு முதல் பேசின எதிரணி அண்ணை குளத்தைப் பற்றி நல்லாத்தான் சொன்னார். வலதுகரை வாய்க்கால், இடதுகரை வாய்க்கால், கலிங்கு, வான்கதவு எல்லாம் சொன்னார். அதோட இருந்திருக்கலாம். போற போக்கில ஒரு கதை விட்டார்: “ஊரில பிழைக்க வழியில்லாமல் கோச்சி ஏறி வந்த ஆக்கள், வாய்க்கால் கதவைத் திறந்துவிட்டிட்டு வரம்பில படுத்தவை. விளைவிச்சது தண்ணி.” நீங்களும் சிரிச்சுக் கைதட்டினியள். முன் ரெண்டு வரிசையில இருக்கிற வயசு போன ஆக்கள் கைதட்டேல்லை. நான் பாத்தனான்.

நான் எழுதிக்கொண்டு வந்த குறிப்பை மடிச்சுச் சட்டைப் பையில வைச்சிட்டன். இந்த ஒரு சொல்லுக்குத்தான் இப்ப பதில்.

குளத்தைக் குறைச்சுச் சொல்ல நான் வரேல்லை. கனகராயன் ஆத்தை மறிச்சு 1902இல தொடங்கின வேலை 1920களின்ர தொடக்கத்தில முடிஞ்சது. பிறகு அணைக்கட்டைப் படிப்படியா உயர்த்தினவை. இண்டைக்கு 20,000 ஏக்கருக்கு மேல அந்தத் தண்ணியை நம்பிக் கிடக்கு. ஆனா நடுவர் ஐயா, ஒரு கணக்கு மட்டும் பாருங்கோ. குடியேற்றத் திட்டத்தோட கிளிநொச்சி ஒரு ஊரா எழும்பினது 1936இல. குளம் முடிஞ்சு பத்துப் பதினைஞ்சு வருசத்துக்குப் பிறகு! இடையில கரைச்சிப் பக்கம் சிலர் வயல் செய்தவைதான், அதை நான் மறைக்கேல்லை. மிச்சமெல்லாம் பாலையும் முதிரையும் வீரையும் நிண்ட காடு. அப்பவும் குளத்தில இதே தண்ணிதான். அது எழும்பிப் போய்க் காடு வெட்டேல்லை. 1935இல காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. காணிக் கச்சேரி வைச்சு, காணி இருக்கோ, கலியாணம் முடிச்சாச்சோ, பிள்ளையள் எத்தினை, கமம் தெரியுமோ எண்டு கேட்டுக் கேட்டுக் காணித் துண்டு குடுத்தவை. அதுக்குப் பிறகுதான் கோடாலிச் சத்தம் கேட்டது.

இன்னொண்டும் சொல்ல வேணும். நாங்கள் வரேக்க வன்னி ஆளில்லாத இடமில்லை. பழைய வன்னிக் கிராமங்களில தலைமுறை தலைமுறையாச் சனம் இருந்தது. எந்தக் கிழங்கைத் தின்னலாம், கரடி எந்தப் பக்கம் படுக்கும், மழைக்கு முதல் எந்தக் காத்து வீசும் எண்டு எங்கட ஆக்களுக்குச் சொல்லித் தந்தது அந்தச் சனம். அவையளும் என்ர அணிதான்.

இப்ப அண்ணையின்ர சொல்லுக்கு வாறன். “ஊரில பிழைக்க வழியில்லாமல்.” ஓம் அண்ணை, வழியில்லாமத்தான் வந்தவை. யாழ்ப்பாணத்தில 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்த ஒரு ஏக்கரையும் மகளுக்குச் சீதனம், மகனுக்கு முதுசம் எண்டு பிரிச்சுப் பிரிச்சு, பேரப்பிள்ளையின்ர கைக்கு வரேக்க குழிக் கணக்கில வந்து நிக்கும். அதாவது, காணி இருந்த ஆக்களின்ர நிலைமை அது. காணியே இல்லாத ஆக்கள்? ஆரோ ஒருத்தற்ற வளவில கொட்டில் போட்டு, அவர் கூப்பிட்ட நேரம் வேலைக்குப் போய், வேலியோரம் ஒரு தென்னம்பிள்ளை வைக்கவும் அனுமதி கேட்ட ஆக்கள்? தங்கட பேர் எழுதின காணிப் பத்திரத்தைப் பரம்பரையிலயே முதல்முதலாக் கையில வாங்கினது அந்த ஆக்கள், இந்தக் கிளிநொச்சியில. அண்ணை இதைத்தான் ஓடி வந்தது எண்டுறார். ஊரில நிமிர்ந்து நிக்க இடமில்லாதவன் நிமிர இடம் தேடி வந்தான். அதுக்கு ஓட்டம் எண்டு பேர் வைக்காதேங்கோ அண்ணை.

அடுத்தது, “வரம்பில படுத்தவை.”

நடுவர் ஐயா, என்ர அப்பாச்சியின்ர ஒரு இரவைச் சொல்லுறன். அவ எப்பிடிப் படுத்தவ எண்டு நீங்களே முடிவு செய்யுங்கோ. அப்பப்பாவும் அப்பாச்சியும் வடமராட்சியில இருந்து 1930களின்ர கடைசியில வந்தவை. ரெண்டு பிள்ளையள், ஒரு மண்வெட்டி, ஒரு உலக்கை, அப்பாச்சியின்ர சீதனத்தில வந்த ஒரு பித்தளைக் கிடாரம். அவ்வளவுதான் சொத்து. வெட்டின காட்டுக்கு நடுவில ஒரு கொட்டில். கதவில்லை, படல்தான்.

மாசி மாதம். காலபோக நெல்லு முத்தி நிக்குது. அப்பப்பாவுக்கு மலேரியா. அண்டைக்கு வன்னியில மலேரியா எண்டா லேசில்லை. கொயினா மருந்து ஆஸ்பத்திரியில இருக்கும், ஆனா நடுங்கிற மனுசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டில் இருக்காது. அப்பப்பா ரெண்டு சாக்குக்குள்ள சுருண்டு கிடக்கிறார். அந்த இருட்டில வயல் பக்கம் கதிர் முறியிற சத்தம் கேக்குது. பண்டி இல்லை. பண்டி எண்டா உறுமும். இது சத்தமில்லாமல் முறிக்குது.

யானை!

அப்பாச்சி இந்தக் கதையை எங்களுக்கு நூறு தரம் சொல்லியிருப்பா. சின்னனில கேக்கேக்க ஒரு யானை. நான் பள்ளிக்கூடம் போகேக்க ரெண்டு. எனக்குக் கலியாணம் நடக்கேக்க மூண்டு யானையும் ஒரு குட்டியும்! எத்தினை யானை வந்தாலும் அப்பாச்சி ஒராள்தான். அது ஒருநாளும் மாறேல்லை.

என்ன செய்தவ? வெடி கொழுத்த வெடியில்லை. தகரம் தட்டத் தகரமில்லை. கைப்பிள்ளையை இடுப்பில வைச்சுக்கொண்டு, சீதனக் கிடாரத்தைக் கவிட்டு வைச்சு, உலக்கையால ஓங்கி ஒரு அடி! அந்தக் கிடாரத்தில அதுவரைக்கும் ஒரு கீறல் இல்லை. அவவின்ர அம்மா புளி போட்டு மினுக்கி அனுப்பினது. முதல் அடியிலயே நெளிஞ்சு போச்சு. “நெளிஞ்சதைப் பாத்து அழுதுகொண்டு அடிச்சனான்” எண்டு சொல்லுவா. பயத்தில அழேல்லையாம், கிடாரத்துக்குத்தான் அழுதவவாம்! அம்மாமாரே, உங்களுக்கு விளங்கும்.

இஞ்சதான் கதை இருக்கு, நடுவர் ஐயா. அப்பாச்சி அடிக்கிற சத்தம் பக்கத்துத் துண்டுக்காரருக்குக் கேட்டுது. அவர் தன்ர தகரத்தில அடிச்சார். அது அங்கால கேட்டுது. அங்கால ஒருத்தர் வாளியில அடிச்சார். அதுக்கும் அங்கால பிள்ளையள் கூ எண்டு கத்தினதுகள். அப்பிடியே வாய்க்கால் நீளத்துக்கும் சத்தம் போய், விடிய விடிய ஒரு முழு வாய்க்கால்காரரும் படுக்கேல்லை. யானை போட்டுது. அரை ஏக்கர் நெல்லை மிதிச்சுப் போட்டுத்தான் போனது, ஆனா போட்டுது.

விடியத்தான் பெரிய சம்பவம். என்ன நடந்தது எண்டு பாக்க எல்லாரும் எங்கட கொட்டிலுக்கு வருகினம். ஒருத்தர் தென்மராட்சி, ஒருத்தர் தீவுப் பகுதி, ஒருத்தர் வலிகாமம். ஊரில எண்டா இந்த ஆக்களில பாதிப்பேர் ஒருத்தற்ற வீட்டுப் படலைக்குள்ள மற்றவர் வரமாட்டார். வந்தாலும் தண்ணி வாங்கிக் குடிக்கமாட்டார். சாதி! இஞ்ச வந்து காடு வெட்டின பிறகும் அது கூடவே வந்தது. வரம்பில கண்டா கதைப்பினம், வீட்டுக்கை வராயினம். அண்டைக்கு அப்பாச்சி அந்த நெளிஞ்ச கிடாரத்தை நிமித்தி, தண்ணி கொதிக்கவைச்சு, தேத்தண்ணி ஊத்தினா. சீனியில்லை, பனங்கட்டிதான். எல்லாரும் குடிச்சவை. ஒரே கிடாரம். ஆரும் ஆற்றையும் பேர் ஊர் கேக்கேல்லை. இரவு முழுக்கத் தகரம் தட்டிக் கை வீங்கின ஆக்களுக்கு அந்தக் கேள்வி வரேல்லை.

எதிரணி அண்ணை, அந்தத் தேத்தண்ணிக்குத் தண்ணி குளத்தால வந்ததுதான். ஒப்புக்கொள்ளுறன்! ஆனா அந்த ஆக்களை ஒரு கொட்டிலில இருத்தினது ஆர்? குளமா? இரணைமடுவின்ர எந்த வான்கதவைத் திறந்தால் அது வரும்?

இந்த ஒரு குடும்பத்தோட முடியிற கதையில்லை. படித்த வாலிபர் திட்டம் எண்டு விசுவமடுவுக்கும் முத்தையன்கட்டுக்கும் பெடியள் வந்தவை. 1970களில வெளிநாட்டு மிளகாய், வெங்காயத்துக்குத் தடை வர, நாடு முழுக்க உறைச்சுத் தின்னச் செத்தல் மிளகாய் குடுத்தது இந்த மண். 1958, 1977 கலவரங்களில அடிபட்டு மலையகத்தில இருந்து வந்த எங்கட உறவுகள் பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் எண்டு காடு வெட்டி இருந்தவை. வயலில நாத்துப் பிடுங்கினதும் மிளகாய் ஆய்ஞ்சதும் கூடுதலா அந்தக் கையள்தான். எத்தினை பேருக்கு நேரத்துக்குக் காணிப் பத்திரம் கிடைச்சது? அந்த வெக்கத்தை இந்த மேடையில சொல்லாட்டி, சனத்துக்காகப் பேசுற அணி எண்டு என்னைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

பத்திரம் எண்டோன்ன இன்னொரு வலி. அப்பாச்சி காடு வெட்டினவ. அப்பாச்சி யானை கலைச்சவ. பத்திரம் அப்பப்பாவின்ர பேரில. சட்டம் எப்பிடி? தனக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு பேர் குறிக்காமல் ஒருத்தர் செத்தால், பிள்ளையளுக்கை ஆம்பிளைப் பிள்ளைக்குத்தான் முதலிடம். மூத்த பொம்பிளைப் பிள்ளை எவ்வளவு களை பிடுங்கினாலும் அடுத்த இடம்தான். அந்தச் சட்டத்தைத் திருத்தினது 2022இல. அப்பாச்சிமாரும் அத்தைமாரும் எத்தினை பேர் அதைக் காணாமலே கண் மூடிட்டினம்!

ரெண்டு பிள்ளையளோட வந்தவை எண்டு சொன்னன் எல்லே. இடுப்பில இருந்த கைப்பிள்ளை என்ர அப்பா. மற்றது மூத்த பொம்பிளைப் பிள்ளை. அடுத்த மாரிக்குக் காய்ச்சல் அதைக் கொண்டுபோட்டுது. வாய்க்கால் கரையில ஒரு பாலை மரத்துக்குக் கீழ தாட்டவை. கல்லு நாட்டேல்லை, எழுத்து இல்லை. அப்பாச்சி சாகும்வரைக்கும் புதுநெல்லுப் பொங்கினால் முதல் பிடியை அந்தப் பக்கம் கொண்டுபோய் வைப்பா. அந்தப் பிள்ளையின்ர பேரை எங்கயும் பதியேல்லை. முன் வரிசையில இருக்கிற ஆக்களைக் கேளுங்கோ, ஒவ்வொரு வீட்டிலயும் அப்பிடி ஒரு மரம் இருக்கும்.

பிறகு நடந்தது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 1996இல சண்டையால ஊரோட இடம்பெயர்ந்து எழும்பினம். திரும்பி வந்தம். 2008இல பிறகும் எழும்பினம். ஒரு உழவு மெசினில ஏத்தக்கூடியதை ஏத்தி, ஒவ்வொரு இடத்திலயும் ஒவ்வொண்டா விட்டு, கடைசியில உடுத்த உடுப்போட முகாமுக்குப் போனம். அப்பப்பாவின்ர பத்திரம், படம், அந்தக் கிடாரம், ஒண்டும் மிஞ்சேல்லை. 2010இல திரும்பி வரேக்க வயலில மிதிவெடி எடுத்து முடியும்வரைக்கும் வரம்பில காத்துநிண்டு, பிறகு உழுதம். குளம் அங்கதான் இருந்தது. நாங்கள் இல்லாத காலத்தில வயலெல்லாம் பத்தை. அந்தப் பத்தையை வெட்டினது ரெண்டாம் தரம் குடிவந்த அதே சனம்.

நடுவர் ஐயா, தீர்ப்பை நீங்கள் எப்பிடியும் சொல்லுங்கோ. எனக்கு வேண்டியது வேற. இஞ்ச இருக்கிற பெடியள் பெட்டையளைத்தான் கேக்கிறன். கடதாசி எல்லாம் போட்டுது. இனி எங்கட குடும்பச் சரித்திரம் இருக்கிறது இந்த முன் ரெண்டு வரிசையிலதான். பட்டிமன்றம் முடிஞ்சு வீட்டை போனோன்ன, உங்கட அப்பாச்சியை, அம்மம்மாவைக் கேளுங்கோ: எந்த ஊரில இருந்து வந்தனீங்கள், ஆரோட வந்தனீங்கள், முதல் வெட்டின மரம் எது, காய்ச்சலில போன பிள்ளையின்ர பேர் என்ன? ஒரு கொப்பி வாங்கி எழுதுங்கோ. அவை சொல்லச் சொல்ல, யானை கூடினாலும் பரவாயில்லை, அப்பிடியே எழுதுங்கோ.

என்ர அத்தையின்ர பேரை நான் அப்பாச்சியைக் கேக்கேல்லை. உங்கட அத்தையின்ர பேரை நீங்கள் கேளுங்கோ, பிள்ளையள். வணக்கம்.