உறைபனி குறைந்தால் புல்வெளி என்னவாகும்?

நேயர்களுக்கு வணக்கம். ஜனவரி விடியற்காலையில் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். நாலடி தள்ளி சோலைக்குள் நுழைந்தால் தரை கறுப்பாக, ஈரமாக இருக்கும். மரக்கூரை தரையின் சூட்டைத் தப்பவிடாது. அதனால் சோலைக்குள் கன்று பிழைக்கிறது, வெளியே முளைத்தது கருகுகிறது. தீயும் மேய்ச்சலும் புல்லுக்குத் துணை.

இதைக் கணக்காக்கிப் பார்ப்போம். ஒரு துண்டு நிலத்தில் எவ்வளவு மரம், மண்ணில் எவ்வளவு ஈரம் என்று இரண்டே எண்கள். தாளில் அது ஒரு புள்ளி. காலம் போகப் போக நகர்ந்து ஒரு கோடு வரையும். எல்லாக் கோடுகளும் சேர்ந்ததுதான் படம். கடைசியில் போய் நிற்பது புல்லில், இல்லையென்றால் சோலையில். நடுவே சேணப் புள்ளி என்று ஒன்று உண்டு, ஒரு திசையில் தன்னிடம் இழுத்து இன்னொரு திசையில் தள்ளிவிடும் இடம். அதில் வந்து சேரும் கோடுதான் இரண்டுக்கும் எல்லை.

சரி, நாம் அளந்ததில் கொஞ்சம் பிசகு இருந்தால்? துளிப் பிசகுக்கே படம் மாறிவிடும் என்றால் அந்தக் கணக்கை எப்படி நம்புவது? 1937இல் சோவியத் அறிஞர்கள் ஆந்திரோனவும் பொந்திரியாகினும் எடுத்துக்கொண்ட கேள்வி இது. பொந்திரியாகின் 14 வயதில் பார்வையிழந்தவர். கோடுகளின் வடிவத்தை அவர் இவ்வளவு தெளிவாக யோசித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும். 1962இல் பிரேசில்காரர் பெய்ஷோட்டோ, பந்தின் மேற்பரப்பு போன்ற மூடிய இருபரிமாணப் பரப்புகளில் எந்தப் படம் துளிப் பிசகுக்குக் கலையாது என்று முழுமையாகச் சொன்னார். அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஒரு சேணத்தில் கிளம்பும் கோடு இன்னொரு சேணத்தில் போய் முடியக்கூடாது என்பது. கலையக்கூடிய படங்கள் அங்கே அபூர்வம். நாலு பரிமாணத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை என்று 1966இல் அமெரிக்கக் கணிதர் ஸ்மேல் காட்டினார்.

அபூர்வம்தான், ஆனால் பனி போன்ற வெளிக்காரணம் ஒன்றின் எண் மெல்ல நகர்ந்துகொண்டே இருந்தால் வழியில் அப்படியொரு படத்தைக் கடக்க நேரலாம். உறைபனி இரவுகள் குறைந்துகொண்டே வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். புல்லின் புள்ளியும் சேணமும் நெருங்கும். பார்வைக்குப் புல்வெளி அப்படியே இருக்கும். ஒரு பாதிப்பிலிருந்து தேறத்தான் முன்பைவிட அதிக காலம் பிடிக்கும். ஒரு கட்டத்தில் இரண்டும் மோதி இரண்டுமே மறையும். பைஃபர்கேஷன் என்பது இதுதான். அப்புறம் நிலம் போக மிச்சமிருப்பது மரம் மட்டுமே. பனி பழைய அளவுக்குக் கூடினாலும் புல் திரும்பாது. சோலையின் புள்ளியும் மறையும் அளவுக்கு அது கூட வேண்டும்.

பழனி மலையில் புல்வெளிகளுக்குள் சீகை, அதாவது வாட்டில் என்ற வெளிநாட்டு மரம், புகுந்த இடங்களில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். சீகையை வெட்டுவது புள்ளியை நகர்த்துவது மட்டுமே. எல்லைக் கோட்டைத் தாண்டாவிட்டால், மண்ணில் வருடக்கணக்காகக் கிடக்கும் விதை முளைத்து நிலம் மறுபடி சீகைக்கே போகும்.