வெள்ளம் மட்டும் வாஷிங்டன் கணக்கு

எல்லாருக்கும் வணக்கம். இன்ஷூரன்ஸ்னு சொன்னதும் ஸ்டேஷன மாத்திடாதீங்க, ஒரு அஞ்சு நிமிஷம் குடுங்க போதும்.

ஹூஸ்டன் பக்கம் வீடு வாங்குற நம்மாளுங்ககிட்ட நான் மொதல்ல கேக்குறது ஃப்ளட் பாலிசி, அதாவது வெள்ளத்துக்குன்னு தனி இன்ஷூரன்ஸ், இருக்கான்னுதான், அதுக்கு "அதான் ஹோம் இன்ஷூரன்ஸ் இருக்கே"ன்னு பதில் வரும். அதுல வராதுங்க. காத்துல கூரை பிச்சுக்கிட்டுப் போயி அது வழியா மழை உள்ள எறங்குனா அத பொதுவா ஹோம் பாலிசி பாத்துக்கும், அதே மழைத்தண்ணி தெருவுல தேங்கி வாசப்படி ஏறி வந்துச்சுன்னா பொதுவா அதுல சல்லிக்காசு தேறாது.

இங்க அமெரிக்காவுல இன்ஷூரன்ஸ் சட்டம் பெரும்பாலும் மாநிலத்தோட கையில. 1944ல சுப்ரீம் கோர்ட் இது ஃபெடரல் அரசுக்கும் உட்பட்ட வியாபாரம்தான்னு சொல்லிருச்சு, அடுத்த வருஷமே காங்கிரஸ், அதான் இந்த ஊரு பார்லிமென்ட், மெக்காரன்-ஃபெர்குசன் சட்டம் போட்டு திரும்ப மாநிலங்ககிட்டயே குடுத்துட்டாங்க. வெள்ளம் மட்டும் வேற கதை. பிரைவேட் கம்பெனிக கிட்டயே வரமாட்டேன்னதால 1968ல அரசாங்கமே திட்டம் ஆரம்பிச்சுது, இப்ப ஃபீமாங்கிற ஃபெடரல் பேரிடர் ஏஜென்சி நடத்துது. பாலிசி பேப்பர்ல ஏதோ ஒரு கம்பெனி பேரு இருக்கும், ஆனா ரூல் எல்லாம் ஃபீமாவோடது.

1973 சட்டப்படி, வெள்ள அபாயப் பகுதின்னு ஃபீமா மேப்ல இருக்குற வீட்டுக்கு பேங்க் லோன் வாங்கினா ஃப்ளட் பாலிசி கட்டாயம். நீங்க எடுக்கலன்னா 45 நாள் நோட்டீஸ் குடுத்துட்டு பேங்கே எடுத்து பில்ல உங்க தலைல கட்டிரும், அது வெலையும் ஜாஸ்தி. "நூறு வருஷத்துக்கு ஒரு தடவ வர்ற வெள்ளந்தானே"ன்னு சிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், அது வருஷத்துக்கு 1 சதவீத வாய்ப்பு, 30 வருஷ லோனுக்குக் கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 26 சதவீதம் வருது. மேப்புக்கு வெளிய இருக்கோம்னு நிம்மதியா தூங்குனவங்க வீட்டுலயும்தான் 2017 ஹார்வி புயல்ல தண்ணி பூந்துச்சு.

இந்தத் திட்டத்துல வீட்டுக்கு அதிகபட்சம் 250,000 டாலர், சாமானுக்கு 100,000. சாமானுக்குத் தனியா கேட்டு எடுக்கணும், இத நிறைய பேரு கோட்டை விடுறாங்க. அப்புறம் புயல் கடல்ல சுத்துறத டிவில பாத்துட்டு எனக்கு ஃபோன் பண்ணாதீங்க, பாலிசி நடைமுறைக்கு வர பொதுவா 30 நாள் ஆகும், வீட்டு லோன் முடிவாகி கையெழுத்துப் போடுற க்ளோசிங்கோட சேத்து எடுத்தா அந்தக் காத்திருப்பு இல்ல.

தண்ணி வந்துட்டா, ஈரச் சாமானத் தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி செவுத்துல தண்ணி நின்ன கோட்ட ஃபோட்டோ எடுத்து வச்சுக்கங்க, நஷ்டக் கணக்க எழுதி கையெழுத்துப் போட்டு 60 நாளுக்குள்ள குடுத்தாகணும்.