செங்காந்தள் காஞ்சிருச்சுன்னு தொட்டியத் தூக்கிப் போட்றாதீங்க

வணக்கமுங்க. இன்னைக்கு நேரா மாடிக்கே வந்துட்டேன். இங்க பாருங்க, கேமராவ கிட்ட கொண்டு வரேன்... தெரியுதுங்களா? செங்காந்தள். நம்ம மாநிலப் பூ.

இந்தக் கொடியில இப்ப எல்லா வயசுப் பூவும் இருக்கு. இதோ, மொட்டு பச்சையா தலை குனிஞ்சு தொங்குது. அதுக்கு மேல இருக்கிறது நேத்து விரிஞ்சது, அடியில மஞ்சள், நுனியில சிவப்பு, ஆறு இதழும் நெளிநெளியா மேல பாத்து மடிஞ்சிருக்கு. அந்தப் பக்கம் இருக்கிறது நாலஞ்சு நாள் ஆனது, முழுக்க ரத்தச் சிவப்பு. மூணும் ஒரே பூதாங்க. நிறம் மட்டும் மாறிட்டே போகும்.

போன வீடியோவுல நிறைய பேர் ஒரே கேள்விதான் கேட்டிருந்தீங்க: "அக்கா, பூத்து முடிச்சதும் கொடி மஞ்சளாகி காஞ்சிருச்சு, செத்துப் போச்சா?" இல்லைங்க, சாகல. அது தூங்கப் போகுது. இதைச் சொல்லத்தான் இந்த வீடியோவே எடுக்கறேன்.

நான் மொத வருசம் பண்ணின தப்பச் சொல்றேன். தை மாசம் கொடி காஞ்சதும் பதறிப் போயி, தண்ணி பத்தலன்னு நெனச்சு தினம் ஊத்தினேன். பங்குனியில தோண்டிப் பாத்தா கிழங்கு கூழா இருந்துச்சு. ரொம்ப மனசு கஷ்டமாப் போச்சு. மண்ணுக்குள்ள உயிரோட இருந்தத நானே அழுக வெச்சுட்டேன்.

அதனால கொடி காஞ்சா தண்ணிய நிறுத்திருங்க. தொட்டிய மழை படாத எடத்துல, நிழல்ல வெச்சுருங்க. மேல ஒரு குச்சி நட்டு வைங்க, இல்லாட்டி காலித் தொட்டின்னு நெனச்சு வீட்ல யாராச்சும் கொத்தமல்லி தூவிருவாங்க. ஆனி, ஆடியில மழை வாசம் வந்ததும் தானா முளை எட்டிப் பாக்கும்.

கிழங்கு 'வி' எழுத்து மாதிரி ரெண்டு கை விரிச்சிருக்கும். கலப்பை மாதிரி இருக்கிறதாலதான் கலப்பைக் கிழங்குன்னு பேரு. கண்வலிக் கிழங்குன்னும் சொல்லுவாங்க. முளை வர்ற கண்ணு ஒவ்வொரு கையோட நுனியிலயும் ஒண்ணே ஒண்ணுதான். அந்த நுனி ஒடிஞ்சா அந்தக் கையி முளைக்காது. அதனால பச்சக் குழந்தையத் தூக்கற மாதிரி தூக்கணும். படுக்க வெச்சு, மூணு விரல் ஆழத்துல மூடினாப் போதும். செம்மண்ணோட மணல் கலந்துக்கங்க. தண்ணி தேங்கவே கூடாது. வருசா வருசம் பழைய கிழங்கு வத்திப் போயி, புதுக் கிழங்கு உருவாகும்.

இலை நுனியப் பாருங்க, சுருள் சுருளா இருக்கு. கொடிக்குத் தனியா சுருண்டு பிடிக்கிற பற்றுக்கம்பி கிடையாது, இலை நுனியாலயே பிடிச்சு ஏறிடும். திருப்பூர் மாவட்டம் மூலனூர்ப் பக்கம் தோட்டத்துல கிளுவை நட்டு அது மேல ஏத்துவாங்க. நான் ஒரு காஞ்ச கிளைய ஊனியிருக்கேன், அதுவே போதுமானதா இருக்கு.

கருப்பு ஒடம்புல சிவப்பும் வெள்ளையுமா புள்ளி வெச்ச புழு வரும். ரெண்டே நாள்ல கொடிய மொட்டையாக்கிரும். காலைலயும் சாயங்காலமும் பாத்து, குச்சியால எடுத்துப் போட்டாலே போதும். மருந்தெல்லாம் அடிக்க வேண்டியதில்ல.

இப்ப சொல்றத தயவு செஞ்சு கவனமாக் கேளுங்க. இந்தச் செடியில வேர்லருந்து பூ வரைக்கும் எல்லாமே விஷம். கிழங்குலயும் விதையிலயும் கொல்ச்சிசின்னு ஒரு விஷப்பொருள் இருக்கு. கௌட்டுன்னு சொல்ற மூட்டுவலிக்கு அதுலருந்துதான் மருந்து எடுக்கறாங்க, அதுக்காகவே விதைய வெளிநாட்டுக்கு அனுப்பறாங்க. ஆனா கிழங்க வள்ளிக்கிழங்குன்னு நெனச்சு தின்னா உயிரே போயிரும். வீட்டு வைத்தியம்னு யார் சொன்னாலும் தொடாதீங்க. சின்னக் குழந்தைங்க, நாய், பூனை, ஆடு இருக்கிற வீட்ல எட்டாத எடத்துல வைங்க. கிழங்கத் தொட்டா கையுறை போட்டுக்கங்க. எங்கக்கா பையன் தவழ்ற வயசுல இருந்தப்ப, ரெண்டு வருசம் நான் இத வளக்கவே இல்ல.

இன்னொண்ணு, வேலியோரமோ காட்டுலயோ பாத்தா கிழங்கத் தோண்டிட்டு வந்துராதீங்க. கிழங்குக்காகத் தோண்டித் தோண்டியே காட்டுல கொறைஞ்சு போச்சு. வளக்கறவங்க கிட்ட கேட்டு வாங்குங்க. விதையில போட்டா பூக்கறதுக்கு மூணு நாலு வருசம் ஆயிரும்.

இதோ, பூவோட அடியில சூல்தண்டு பக்கவாட்டுல மடிஞ்சு வெளிய நீட்டிட்டு இருக்குது பாருங்க. மகரந்தம் அதுல தானா விழறது கஷ்டம். அதனால விவசாயிங்க காலையிலயே ஒவ்வொரு பூவா கையாலயே மகரந்தம் வெப்பாங்க. நாளைக்கு விரியற மூணு பூவுக்கும் நானும் வெச்சுப் பாக்கறேன். காய் பிடிச்சா காட்டறேனுங்க.