மண் கூரையும் பனித் தண்ணியும்: அல்புஹாரா மலை கிராமங்கள் பத்தி பேசினது

எல்லாருக்கும் வணக்கம். ஸ்பெயின்னு சொன்னாலே காளை, ஃபுட்பால், பீச்சுன்னு மூணுதான் ஞாபகம் வருது, நான் இன்னிக்கு கூரையும் வாய்க்காலும் பத்தி பேசப்போறேன், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

தெக்கு ஸ்பெயின்ல கிரனாடா நகரம் பக்கம் சியர்ரா நெவாடா மலை இருக்கு. அதோட தெக்கு சரிவுக்குத்தான் அல்புஹாரான்னு பேரு, அதுல போக்கெய்ரான்னு ஒரு பள்ளத்தாக்கு, அங்க பம்பனெய்ரா, புபியோன், கபிலெய்ரான்னு மூணு ஊரு ஒண்ணுக்கு மேல ஒண்ணா தொத்திக்கிட்டு நிக்குது. டூரிஸ்ட் எல்லாம் வெள்ளை செவுத்தை ஃபோட்டோ எடுத்துட்டு போயிடுவாங்க. பாக்கவேண்டியது மேல இருக்குங்க. ஓடு கிடையாது, மொட்டை மாடி. கெஸ்ட்நட் மர உத்திரம் போட்டு, அதுமேல பலகைக்கல் பரப்பி, லௌனான்னு ஒரு சாம்பல் கலர் களிமண்ணை கொட்டி மெத்திடுவாங்க, மழை பட்டா அதுவே இறுகி தண்ணிய உள்ள விடாது. மொரோக்கோ அட்லஸ் மலைல பெர்பர் ஜனங்க வீடும் இதே ஜாடைதான். மேல் வீட்டுக்காரர் வாசலும் கீழ் வீட்டுக்காரர் கூரையும் பல இடத்துல ஒரே மட்டம், மிளகாயும் அத்திப்பழமும் அங்கதான் காயும்.

இதைக் கட்டின கைகள் யாருதுன்னு கேட்டா கதை கொஞ்சம் கனமாயிடும். முஸ்லிம் ஆட்சியில இருந்த கிரனாடா 1492ல ஸ்பெயின் கிறிஸ்தவ ராஜா ராணி கையில விழுந்துச்சு, முஸ்லிம்களை மதம் மாத்தினாங்க, மொழி, உடுப்பு எல்லாத்துக்கும் தடை வந்துச்சு, 1568ல இந்த மலையிலதான் கலகம் வெடிச்சுது. அதை அடக்கி, மொரிஸ்கோன்னு சொல்லப்பட்ட அந்த மதம் மாத்தப்பட்ட ஜனங்களை கூட்டம் கூட்டமா வெளியேத்தி, வடக்கேருந்து ஆளுங்களை கொண்டாந்து குடிவச்சாங்க. வந்தவங்களுக்கு மலைத் தண்ணிய கொண்டுவர்ற அங்கத்த வாய்க்காலை ஓட்டத் தெரியலை! சொல்லிக்குடுக்கன்னு ஊருக்கு ரெண்டு மொரிஸ்கோ குடும்பத்தை மட்டும் விட்டுவச்சாங்கன்னு இன்னிக்கும் அங்க சொல்றாங்க. துரத்தினவனே வாத்தியாரை நிறுத்திவச்ச கதை.

அந்த வாய்க்காலுக்கு அங்க அசெக்கியான்னு பேரு, அரபிச் சொல்லு. அதுல கரேயோன்னு ஒரு வகை இருக்கு பாருங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுதான். பனி உருகுற தண்ணிய உச்சியிலேயே மறிச்சு, வயலுக்கு விடாம, பாறை இடுக்கு இருக்கிற சரிவுல வேணும்னே கசியவிட்டுடுவாங்க, அது மலைக்குள்ள மெல்ல மெல்ல இறங்கி, கோடையில ஆறு வத்துற நேரத்துக்கு கீழ ஊத்தா வெளிய வரும். சிமெண்ட் பூசி வாய்க்காலை மாடர்ன் ஆக்குறேன்னு போனா இந்த கசிவே போச்சு, இதை இஞ்சினியர்களுக்கு புரியவைக்கறதுதான் பெரும்பாடு. கிராமத்துல இளசுங்க குறைஞ்சு பல வாய்க்கால் தூர்ந்துபோச்சு, இப்ப கிரனாடா யுனிவர்சிட்டி ஆளுங்களும் வாலண்டியர்களும் மம்பட்டியோட ஏறி தூர் வாரிக்கிட்டிருக்காங்க.

வாய்க்காலைப் பாத்துக்கறவருக்கு அசெக்கியெரோன்னு பேரு, நம்ம ஊர்ல ஏரித் தண்ணிய வயலுக்கு பாத்து விடுற நீர்க்கட்டி மாதிரி. எந்த மடையை எப்போ திறக்கணும், எந்த சரிவுல விட்ட தண்ணி எந்த ஊத்துல வரும்ங்கறதெல்லாம் அவரு தலைக்குள்ளதான் இருக்கு, எழுதிவச்ச மேப் கிடையாது.