கொழும்பின் ஒன்பதாம் திகதிகள்

எல்லாருக்கும் வணக்கம். தலைநகரில் பெரிய ஆர்ப்பாட்டம் வரப்போகிறது என்றால் அரசு என்னென்ன ஆயத்தம் செய்கிறது, அது யாரைக் காப்பாற்றுகிறது என்று பேசச் சொல்லியிருந்தீர்கள். பொதுவாகப் பேசிக்கொண்டு போனால் எங்கேயும் நிற்காது. அதனால் பொருளாதார நெருக்கடியில் ஜனாதிபதி பதவி விலகவேண்டும் என்று சனம் வீதிக்கு வந்த 2022 கொழும்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஜூலை 8, வெள்ளிக்கிழமை. மறுநாள் நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் கொழும்புக்கு வாருங்கள் என்று அழைப்பு விடுக்கப்பட்டிருந்தது. ஜூன் கடைசியிலிருந்தே அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எரிபொருள், ஆகவே சனம் எப்படி வரும் என்ற எண்ணம் மேலிடத்தில் இருந்திருக்கலாம். கோட்டையில் ஜனாதிபதி மாளிகைக்குப் போகும் வீதிகளில் இரும்புத் தடுப்புகள், நீர்த்தாரை வண்டிகள், ஆயுதத்தோடு படையினர். அதுவும் போதவில்லை என்று இரவு 9 மணிக்கு 'பொலிஸ் ஊரடங்கு' வந்தது: நீர்கொழும்பு, களனி, நுகேகொடை, கல்கிசை, கொழும்பு வடக்கு, தெற்கு, மத்தி என்று பொலிஸ் பிரிவுகளின் பெயர் சொல்லி.

சரி, இதை எந்தச் சட்டத்தின் கீழ் போட்டார்கள்? 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு இருக்கிறது, அதன்படி ஊரடங்குக் கட்டளையை இட வேண்டியவர் ஜனாதிபதி. பொலிஸ்மா அதிபர் தானாக ஊரை அடைக்கும் அதிகாரம் பொலிஸ் கட்டளைச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. சட்டத்தரணிகள் சங்கம் உடனேயே இது சட்டவிரோதம் என்று அறிக்கை விட்டது, காலை 8 மணிக்கு ஊரடங்கை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். காலியிலும் கண்டியிலும் மாத்தறையிலும் சனம் ரயில் நிலையங்களுக்குப் போய், ரயிலை எடுங்கள் என்று ஊழியர்களை வற்புறுத்தி ஏறி வந்தது. கண்ணீர்ப்புகை அடித்தார்கள், வானத்தை நோக்கிச் சுட்டார்கள், தடுப்புகள் ஒவ்வொன்றாக விழுந்தன, மத்தியானத்தோடு மாளிகைக்குள் சனம்.

ஆனால் எனக்கு ஜூலை 9ஐவிட மே 9தான் பெரிய பாடம். மே 6 இரவே அவசரகாலச் சட்டம் வந்துவிட்டது. அதிகாரம் எல்லாம் கையில், படையும் வீதியில். அப்படியிருக்க, 9ஆம் திகதி பிரதமரின் இல்லமான அலரி மாளிகையில் அவருடைய ஆதரவாளர்கள் கூட்டம் நடத்தி, வெளியே வந்து, பிரதமர் விலகவேண்டும் என்று வாசலில் போட்டிருந்த 'மைனா கோ கம' ஆர்ப்பாட்டக் கூடாரங்களை அடித்து நொறுக்கி, பொல்லுகளோடு காலி வீதியில் நடந்தே காலிமுகத்திடல் வரைக்கும் போனார்கள். நடந்தே! அந்த வீதியில் அவர்களை மறிக்கவேண்டிய இடத்தில் மறிக்கவில்லை. ஒரு மாதமாக அங்கே கூடாரம் போட்டு இருந்தவர்கள் அடி வாங்கினார்கள். பின்னேரத்துக்குள் கோபம் நாடு முழுவதும் பரவி, நிட்டம்புவையில் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கொல்லப்பட்டார், அரசியல்வாதிகளின் வீடுகள் பல எரிந்தன. அன்றைக்கே பிரதமர் பதவி விலகினார். ஆர்ப்பாட்டக்காரர்களை எங்கே நிறுத்துவது என்று ஆயத்தம் செய்தவர்கள், அவர்களைத் தாக்க வருகிறவர்களை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவே இல்லை, அல்லது யோசிக்க விரும்பவில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அமைதியாகக் கூடும் சுதந்திரத்தைத் தருகிறது. அப்படியென்றால் கூடியிருப்பவனும் பொலிஸ் காக்கவேண்டிய ஆள்தானே?

இதில் தமிழர்களாகிய நமக்குத் தனியான ஒரு நினைவு இருக்கிறது. 2022இல் சிங்கள நண்பர்கள் பலர் சோதனைச்சாவடியின் பயத்தை முதன்முதலாகப் பார்த்தார்கள், வெள்ளவத்தையில் லொட்ஜில் தங்கியவர்களுக்கு அது பழசு. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலையில் பாதுகாப்பு என்று சொல்லித்தான் லொட்ஜுகளிலிருந்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது, பிறகு அப்போதைய பிரதமர் ரத்னசிறி விக்ரமநாயக்க மன்னிப்பும் கேட்டார். நீதிமன்றம் அன்று தலையிட்டிருக்காவிட்டால் அது வழக்கமாகியிருக்கும். இதைச் சொல்வது பழி கூற இல்லை. ஒரு சனத்தின்மேல் எந்தக் கேள்வியும் இல்லாமல் போட்டுப் பழகிய கட்டுப்பாடுதான் பிறகு எல்லார் மேலும் வருகிறது என்று உண்மையாகவே நம்புகிறேன்.

ஆதாரம் வேண்டுமா? 2022 செப்டெம்பர் 23ஆம் திகதி வர்த்தமானியைப் பாருங்கள். பாராளுமன்றம், உயர் நீதிமன்றம், ஜனாதிபதி செயலகம், அலரி மாளிகை எல்லாவற்றையும் சுற்றி 'உயர் பாதுகாப்பு வலயம்'! யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கில் சொந்தக் காணிக்குப் போக முடியாமல் சனம் வருடக்கணக்காகக் கேட்ட அதே பெயர். கொழும்பில் அதைக் கொண்டுவர எடுத்தது 1955ஆம் ஆண்டின் அரச இரகசியங்கள் சட்டம், இரகசிய இடங்களைக் காக்க எழுதியது, வீதியில் கூடும் ஆட்களுக்காக இல்லை. மனித உரிமை ஆணைக்குழுவும் சட்டத்தரணிகளும் எதிர்த்தார்கள், ஒன்றிரண்டு கிழமைக்குள் அரசு அதைத் திரும்பப் பெற்றது.

வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளை நான் குறை சொல்லவில்லை, அவன் வீட்டிலும் அந்த வருஷம் காஸ் இல்லை. அவனுக்குக் கட்டளை கொடுப்பவரைத்தான் கேட்கவேண்டும். இங்கே சட்டம் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறீர்கள். அடுத்த முறை இரவு 9 மணிக்கு ஓர் அறிவித்தல் வந்தால், அதில் கையொப்பமிட்டவர் யார், எந்தப் பிரிவு, வர்த்தமானி இலக்கம் என்ன என்று அன்றிரவே பாருங்கள். விடிந்த பிறகு பார்த்தால் அதற்குள் ஆட்களைப் பிடித்திருப்பார்கள்.